நீலத்தில் நின்ற ஆலடிப்பேரி

ஆலடிப்பேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டி.டி.பி. சென்டர் வைத்திருக்கும் சந்தனமாரியின் கீபோர்டில் ஷார்ட்கட் எல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வேலைசெய்யாமல் போயின; அவை ஒன்றும் தொலைந்துபோகவில்லை, கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெருவில் போய் வேலைசெய்யத் தொடங்கியிருந்தன என்பது மத்தியானத்துக்கு மேல்தான் எங்களுக்குத் தெரிந்தது.

முப்பிடாதி அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கிற அவசரம் அன்றைக்கு. எங்கள் பக்கம் எந்த நோட்டீஸையும் யாரும் புதிதாக அடிப்பதில்லை. போன வருசத்து ஃபைலைத் திறந்து, தேதியை மாற்றி, செத்தவர் பெயரை எடுத்து, பிறந்தவர் பெயரைச் சேர்த்து பிரிண்ட் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். அந்த ஃபைல் பழைய தமிழ் ஃபாண்டில் கிடந்தது, திறந்தால் அம்மன் பெயரே தமிழாகவும் இல்லாமல் இங்கிலீஷாகவும் இல்லாமல் கொக்கியும் கம்பியும் புள்ளியுமாகத் தெரியும். டி.டி.பி. செய்கிறவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. கன்ட்ரோலை அமுக்கிக்கொண்டு ஏ-யைத் தட்டினால் முழுப் பக்கமும் செலக்ட் ஆகி நீலமாகும், ஃபாண்டை மாற்றினால் அம்மன் திரும்ப வந்துவிடுவாள். சந்தனமாரி தட்டினாள். நீலமாகவில்லை. திரும்பத் தட்டினாள்.

“என்னம்மா, அம்மன் இன்னும் கம்பியாத்தான் நிக்காளா?” என்றார் வெள்ளைப்பாண்டி அண்ணாச்சி. பலசரக்குக் கடைக்காரர், வியாபாரிகள் சங்கத் தலைவர், கோயில் நிர்வாகி, இந்த மூன்றுமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“ஷார்ட்கட் எடுக்கல அண்ணாச்சி. காலைல இருந்து உயிரை வாங்குது.”

நானும் அங்கேதான் இருந்தேன்; வெளிநாட்டில் இருபது வருசத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தவனுக்கு ஊரில் இருக்கிற ஒரே வேலை எதையாவது ஜெராக்ஸ் எடுப்பது. அதனால் அவள் பட்ட பாடு அத்தனையும் பார்த்தேன். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினாள், முறுக்குத் தூளும் ஒரு கொண்டை ஊசியும் விழுந்தன. பழைய பல் பிரஷ்ஷால் கட்டைகளுக்கு நடுவில் தேய்த்தாள், ஒயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் சொருகினாள், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள், பக்கத்து போட்டோ ஸ்டுடியோவில் கீபோர்டை இரவல் வாங்கிவந்து மாட்டினாள், யாரோ சொன்னார்கள் என்று ஷிப்டை ஐந்து தடவை தட்டினாள், கம்ப்யூட்டர் ஏதோ கேட்டது, சரி என்றாள், பிறகு கேட்காமல் விட்டுவிட்டது. எழுத்தெல்லாம் ஒழுங்காக விழுந்தது. கன்ட்ரோலோடு சேர்த்து அமுக்கினால் மட்டும் ஒன்றும் இல்லை. காப்பி எடுக்கிற சி இல்லை, ஒட்டுகிற வி இல்லை, செய்த தப்பை மீட்டுத் தருகிற இசட் இல்லை. ஃபாண்டை மாற்ற வேண்டிய நோட்டீஸ் கம்பியும் கொக்கியுமாக அவளையே பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, அது அழுகை இல்லை, ஆத்திரம். தன் கீபோர்டையே திரும்ப மாட்டி, “எடுக்கிறியா இல்லியா சனியனே” என்று கன்ட்ரோலையும் ஏ-யையும் இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினாள்.

திரையில் ஒன்றும் ஆகவில்லை. வெளியே ஊர் நீலமானது.

வடக்கே தண்ணீர்த் தொட்டியில் தொடங்கித் தெற்கே வாய்க்கால் பாலம் வரைக்கும், வரி வரியாக, அவசரமில்லாமல் அந்த நீலம் இறங்கிவந்தது. தொட்டி நீலமானது, புளியமரம் நீலமானது, எருமைகளும் ஆட்டோக்களும் ஆட்டோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் நீலமானார்கள், கறுப்பாக இருந்ததெல்லாம் வெளுத்தது, காலையில்தான் டை அடித்திருந்த அண்ணாச்சியின் மீசை பஞ்சு போல ஆனது, ஏனென்றால் செலக்ட் ஆகிற பக்கத்தில் கறுத்த எழுத்து வெளுப்பாகத்தான் தெரியும். டீக்கடை மாஸ்டர் தன் நீலக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு ஆற்றிக்கொண்டிருந்த டீயை ஆற்றி முடித்தார்; டீ மட்டும் டீ நிறத்திலேயே இருந்ததால் யாரும் பெரிதாகப் பதறவில்லை.

“வெள்ளைப்பாண்டி நீலப்பாண்டி ஆயிட்டாரு” என்று வெளியே யாரோ சிரித்தார்கள்.

அவர் எழுந்து மேஜையில் கை ஊன்றப் போனார். “யாரும் கீபோர்டைத் தொடாதீங்க!” என்று சந்தனமாரி கத்திய கத்தலில் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

“ஏம்மா?”

“எல்லாம் செலக்ட் ஆகிக் கிடக்கு அண்ணாச்சி. இப்ப கை தவறி ஒரு எழுத்தைத் தட்டினா, செலக்ட் ஆனது மொத்தமும் அழிஞ்சு அந்த ஒரு எழுத்துதான் மிஞ்சும். இசட்டும் வேலைசெய்யல, மீட்க முடியாது.”

“அப்ப நீ ஒரு ‘க’ அடிச்சா?”

“ஊரு இருக்காது. ‘க’ இருக்கும்.”

“எங்க இருக்கும்?”

“பஸ் ஸ்டாண்டுல நிக்கும்” என்றாள், அவள் சிரிக்கவில்லை.

அண்ணாச்சி கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். மவுஸைத் தொட்டால் சரியாகிவிடும் என்று அவள் தேடினாள், திரையில் மவுஸின் அம்பைக் காணவில்லை. அது தெருவில் எங்கோ திரிவதாகச் சொன்னார்கள், தொட்டி மேல் பார்த்தேன் என்றான் ஒருவன். “கீழ போற அம்புக்குறிக் கட்டையைத் தட்டினா நீலம் கலைஞ்சிரும், எப்பவும் கலைஞ்சிரும்” என்று அவள் விரலைக் கொண்டுபோனாள்.

“எப்பவுமா?” என்றார் அண்ணாச்சி. “எப்பவும் நீ ஏ-யை அமுக்கினா ஊரு நீலமாவுமா?”

அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

திருநெல்வேலியிலிருந்து ஜெபசிங் வந்தான், கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன், வெளியூர்க்காரன் என்பதால் தன் சொந்த நிறத்திலேயே வந்தான். அவனைக் கதவுக்கு அருகிலேயே நிறுத்தி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கச் சொன்னார்கள்.

“ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்துருவமா?” என்றான்.

கடைக்குள் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

“சேவ் பண்ணியாச்சா?”

“எதை?”

அவன் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தான். “சேவ் பண்ணாம மட்டும் அணைச்சிராதீய” என்றான். சேவ் செய்கிற கன்ட்ரோல் எஸ்-சும் செத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு அவன் வேறு எந்த வழியும் சொல்லவில்லை; டீ குடித்தான், கிளம்பும்போது எல்லார் முன்னாலும் சந்தனமாரியிடம் ஒன்று சொன்னான். “அக்கா, உங்களுக்கு நீலம் ஏறலைன்னு பாக்கேன். செலக்ட் பண்ணுத கை செலக்ட்ல வராதுக்கா, அவ்வளவுதான். மனசுல எதையும் வச்சுக்கிடாதீய.”

அதைக் கேட்ட பிறகுதான் ஊர் அவளைக் கவனித்தது. மாநிறமாக, கறுத்த முடியோடு, காலையில் எப்படி வந்தாளோ அப்படியே இருந்தாள்.

இப்படியாக ஆலடிப்பேரி நீலத்தில் நின்றது, நின்று பழகியது, பழகிய பிறகு அதில் பெருமைப்படவும் தொடங்கியது. மின்சார ஆபீஸில் சொல்லி எங்கள் லைனைக் கட் பண்ணாமல் பார்த்துக்கொண்டார்கள், தப்பித் தவறிக் கரண்ட் போனால் என்று கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரைக் கொண்டுவந்து கடைக்குப் பின்னால் வைத்தார்கள், கீபோர்டின் மேல் பல்லி விழுந்துவிடக் கூடாது என்று கோழி அடைக்கிற பஞ்சாரம் ஒன்றைக் கவிழ்த்தார்கள், சங்கத்தின் பூட்டைக் கடைக்குப் போட்டு, வாசலில் முறை வைத்து ஆள் உட்கார்ந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் முதலில் கேலி செய்தார்கள், பிறகு பஸ் பிடித்து வந்து பார்த்தார்கள், பிறகு கொஞ்சம் பொறாமைப்பட்டார்கள். காலண்டரில் வருகிற சாமி மாதிரி இருக்கிறோம் என்று எங்கள் பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். யாருக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கிற வழக்கம் எப்போது வந்தது என்று சொல்லத் தெரியவில்லை; பேங்க் மேனேஜருக்கு ஒன்றும் இல்லை, சாத்தூரிலிருந்து வந்து பல வருசமாகப் பரோட்டா போடுகிற மாஸ்டருக்கு இரண்டு கை மட்டும் நீலம், எனக்கு முழங்கால் வரைக்கும். “அண்ணாச்சி இன்னும் முழுசா வந்து சேரல” என்று என் காலைப் பார்த்துச் சொல்வார்கள், அன்பாகத்தான் சொல்வார்கள், அதன் பிறகு நான் வேட்டியை மடித்துக் கட்டுவதை விட்டுவிட்டேன்.

செலக்ட் பண்ணுகிற கையைப் பற்றி ஜெபசிங் சொன்னது ஒருவருக்கும் நினைவில் இல்லை. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்குக் கட்டிவந்து பதினாறு வருசமாகக் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் பூப்பு நீராட்டும் அடித்துக் கொடுத்த சந்தனமாரி, எங்கள் எல்லாருடைய தாத்தா பெயரும் அவரவர் பிழையோடு தெரிந்தவள், ஒரு சொட்டு நீலம் இல்லாமல் தன் கடைக்கு வெளியே நின்று, கண்ணாடி வழியாகத் தன் நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போவாள். வேலைகள் பக்கத்து ஊருக்குப் போயின. கொடை நோட்டீஸும் அங்கேதான் அச்சானது, அம்மன் பெயரில் ஓர் எழுத்து குறைந்துதான் வந்தது, அதைச் சொல்ல வேண்டியவளை யாரும் கேட்கவில்லை. “கடையையாவது திறந்து விடுங்க, ஜெராக்ஸ் மெஷினையாவது ஓட்டிக்கிறேன்” என்று கேட்டுப் பார்த்தாள். “ஒயரு கியரு இடறினா யாரு பொறுப்பும்மா?” என்றார் அண்ணாச்சி.

கொடை நெருங்கியபோது கோயில் கூட்டத்தில் பேச்சு வந்தது. பொங்கல் பானை வைக்கிற வரிசையில் இந்த வருசம் நீலக் கைதான் வைக்க வேண்டும், அம்மனே தன் பிள்ளைகளை அடையாளம் காட்டியிருக்கிறாள், அதை மீறக் கூடாது என்றார்கள். யாரையும் பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

அவள் புருசன் கோமதிநாயகம் ஃப்ளெக்ஸ் போர்டு கட்டுகிறவன், சாது, உச்சி முதல் உள்ளங்கால் வரை பழுதில்லாத நீலம். கூட்டத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் சொட்டு நீலம் ஒரு பாட்டில் வாங்கிவந்தான்.

“மாரி, கோவப்படாம கேளு. கை ரெண்டையும் இதுல முக்கிக்கோ. யாரு உரசிப் பாக்கப் போறா?”

“வேட்டிக்குப் போடுறத எனக்குப் போடச் சொல்றீங்களா?”

“ஊரு ஒத்துக்கிடணும்லா.”

“ஏங்க, இத்தனை வருசம் உங்க கூட வாழ்ந்து ஏறாத நீலமா இந்தப் பாட்டில்ல இருந்து ஏறப்போகுது? கூட்டத்துல என் பொண்டாட்டிதான் எல்லாருக்கும் முன்னாடி பானை வைப்பான்னு சொல்ல நாக்குக்கு நீலம் வரலையா?”

அந்தப் பாட்டிலை அவனுடைய வேட்டிகள் ஊறிக்கொண்டிருந்த வாளியில் அப்படியே கவிழ்த்தாள். கோமதிநாயகம் அதற்குப் பிறகு தன் உடம்பின் நிறத்திலேயே வேட்டி கட்டிக்கொண்டு நடந்தான், தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் கட்டாதவன் போலத் தெரிந்தான், ஊர் சிரித்தது.

அண்ணாச்சியின் மருமகள் சுகந்திக்கு அந்த நாட்களில்தான் பிரசவம் ஆனது. நீல அம்மாவுக்கும் நீல அப்பாவுக்கும் பிறந்த பிள்ளை, நல்ல தேன் நிறத்தில், தலை நிறையக் கறுத்த முடியோடு, நீலம் ஏறிய எவருக்கும் இல்லாத கறுத்த முடியோடு வந்தது. அண்ணாச்சி பார்த்தார். “இன்னும் ஒரு தடவ குளிப்பாட்டிப் பாருங்க” என்று நர்ஸிடம் சொன்னார். குளிப்பாட்டினார்கள். செலக்ட் செய்த பிறகு ஊருக்கு வந்த பிள்ளைக்கு நீலம் எங்கிருந்து வரும்? ஆனால் தெருவில் அப்படிப் பேசவில்லை. சுகந்தியின் அம்மா வீட்டுப் பக்கத்தை இழுத்தார்கள், அங்கே யாரோ கேரளாக்காரர் என்றார்கள், அந்தப் பிள்ளை பெரியவனாகிக் கொடைக்கு நின்றால் எந்தப் பக்கம் நிற்பான் என்று டீக்கடையில் கேட்டுக்கொண்டார்கள்.

அண்ணாச்சி ஆளனுப்பிச் சந்தனமாரியைக் கூப்பிட்டார். குரல் பழைய குரலாக இல்லை.

“மாரி, இன்னொரு தடவ ஏ-யை அமுக்கினா புள்ளையும் சேந்துரும்லா?”

“சேரலாம். சேராமலும் போகலாம். ரெண்டு தடவை அமுக்கி ஊரு ரெண்டா வந்து நின்னா நான் பொறுப்பில்ல.”

“நீதான்மா செய்யணும். உன் கைக்குப் பழகின கட்டை.”

“என் பானை?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “அது வேற, இது வேறம்மா. கோயில் விஷயம்.”

“அப்ப கட்டையும் வேற” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மத்தியானம் காற்றும் மழையுமாக அடித்து, புளியமரத்தின் நீலக் கிளை ஒன்று கரண்ட் கம்பி மேல் விழுந்தது. ஜெனரேட்டரைப் போட்டார்கள். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அது நின்றது. காவல் இருக்கும்போதெல்லாம் ஃபேனுக்கும் செல்போனுக்குமாக ஓட்டி டீசலைத் தீர்த்திருந்தார்கள். கடைக்குள் யு.பி.எஸ். பீப், பீப் என்று கத்தத் தொடங்கியது, அந்தச் சத்தம் மழையையும் மீறி பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது, சேவ் பண்ணாத ஊர் அத்தனையும் தன் வாசலில் வந்து நின்றது.

அவளைக் கூப்பிட ஓடியவர்களில் நானும் ஒருவன். சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள், கையெல்லாம் செதில்.

“மதினி, ஓடி வாங்க, யு.பி.எஸ். கத்துது!”

“நான் ஏன் வரணும்? வெளியூர்க்காரி.”

“இப்பப் போயி அதையெல்லாம் பேசிக்கிட்டு!”

“வேற எப்ப பேச? இப்பதான வீட்டு வாசலுக்கு வந்திருக்கீங்க.”

அவள் மீனை மூடி வைத்தாள், பூனைக்குப் பயந்து மேலே கல் வைத்தாள், சோப்புப் போட்டுக் கை கழுவினாள், முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், பிறகு எங்களை விடவும் வேகமாக நடந்தாள்.

பூட்டைத் திறந்தார்கள். அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து பஞ்சாரத்தைத் தூக்கினாள். கண்ணாடிக்கு வெளியே ஊர் முழுக்க மூக்கை ஒட்டிக்கொண்டு நின்று ஆளுக்கு ஒன்று கத்தியது. சேவ் பண்ணு என்றார்கள், எஸ்கேப்பைத் தட்டு என்றார்கள், “ஒரு பிரிண்டாவது எடுத்துரு மாரி!” என்றான் போட்டோ ஸ்டுடியோக்காரன். அண்ணாச்சி பிள்ளையைத் துண்டில் சுற்றித் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார், வெளுத்த மீசையில் மழை வழிய, “ஏ-யை அமுக்கும்மா, எம் பேரனைச் சேத்துரும்மா” என்றார், யாரிடமும் அப்படிக் கேட்டறியாதவர். பேட்டரி தீரப்போகிற யு.பி.எஸ். இடைவெளி இல்லாமல் கத்தத் தொடங்கியது. அவள் கன்ட்ரோலின் மேல் விரலை வைத்தாள். வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். கூட்டத்தின் ஓரத்தில் நீல வேட்டியோடு கோமதிநாயகம் நின்றான், அவன் மட்டும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. துண்டுக்குள் பிள்ளை கொட்டாவி விட்டது.

விரலை எடுத்தாள். கீழே போகிற அம்புக்குறியை, ஒரு தடவை, தட்டினாள்.

நீலம் அப்படியே போனது. வந்தது போல வரி வரியாகக்கூட இல்லை, ஒரே நொடியில், ஊர் முழுவதும். டிக் என்று யு.பி.எஸ். நின்றது, திரை கறுத்தது. ஊர் இருந்தது. மழையில் நனைந்துகொண்டு, அவரவர் கறுப்பிலும் மாநிறத்திலும், டை பாதி போன மீசைகளோடு இருந்தது.

அவளுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. முதல் மூச்சு வந்ததும் கோபம்தான் வந்தது. “யாரைக் கேட்டு அழிச்சே?” என்றான் ஒருவன். “ஏ-யை அமுக்கத்தானே சொன்னோம்?” என்றான் இன்னொருவன். அண்ணாச்சி பேரனைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறமாக இருந்ததை ஏதோ நஷ்டம் போலப் பார்த்துக்கொண்டு நின்றார். “என் கடை, என் கட்டை” என்று சொல்லிவிட்டு அவள் சங்கத்தின் பூட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். எனக்கும், காலில் இருந்த அந்தக் கொஞ்சம் போனதில் ஒரு வருத்தம் இருந்தது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கரண்ட் வந்தது. மவுஸின் அம்பு திரும்ப வந்தது. ஷார்ட்கட் மட்டும் வரவேயில்லை. காப்பி எடுக்கவும் ஒட்டவும் செலக்ட் செய்யவும் எல்லாவற்றுக்கும் மவுஸைப் பிடித்து மேலே போய், பட்டியலைத் திறந்து, தேடி, தட்டி, ஒரு நிமிச வேலையை அரை மணி நேரமாகச் செய்கிறாள், தோள்பட்டை வலிக்கிறது, திட்டிக்கொண்டே செய்கிறாள். மொத்தத்தையும் அழித்து ஃபார்மட் பண்ணிவிடலாம் என்று ஜெபசிங் போனில் சொல்லிப் பார்த்தான். ஊரே வேண்டாம் என்றது.

கொடை வந்தது. பானை வைக்கிற இடத்தில் யாருடைய கையைப் பார்த்து என்ன சொல்வது என்று நிர்வாகிகளுக்குத் தெரியவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒதுங்கிக்கொண்டார்கள். சந்தனமாரி வந்தாள், வரிசையின் கோடிக்குப் போகவில்லை, நட்ட நடுவில் அடுப்புக் கல்லைப் போட்டாள். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளித்தான் வைத்தார்கள். “வச்சிட்டுப் போறா, எதைக் காட்டி வேண்டாம்னு சொல்ல?” என்று முனகினாள் ஒருத்தி. கோமதிநாயகம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஈர ஓலையை மாற்றி மாற்றிச் செருகி, புகையில் இருமிக்கொண்டு அடுப்பை ஊதினான்.

பானைகள் பொங்கின, பெண்கள் குலவை போட்டார்கள். எங்கள் ஊர்க் குலவை சின்னது, சட்டென்று எழும்பிச் சட்டென்று அறுந்துவிடும். அருப்புக்கோட்டைப் பக்கம் அப்படியில்லை போல. அங்கே மூச்சு இருக்கிற வரைக்கும் போடுவார்களாம், இங்கே வந்த நாளிலிருந்து அவள் தன்னுடையதை எங்கள் அளவுக்கு வெட்டித்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், எங்களில் யாருக்கும் அது தெரியாது. அன்றைக்கு எல்லாரும் நிறுத்திய பிறகும் அவளுடையது நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தார்கள். சுகந்தியின் மடியில் இருந்த பிள்ளை அழுகையை நிறுத்திக் கேட்டது. அடுத்த அடிக்குக் குச்சியை ஓங்கிய மேளக்காரர், குலவை முடியட்டும் என்று ஓங்கியபடியே நின்றார். அது முடிகிறதாக இல்லை.